இரண்டாம் பெட்டியில் வந்த குழல்

1950களில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் சாக்ஸபோன் வாசித்துப் பிழைத்தவர்கள் ஒற்றைப் பெட்டியோடு வேலைக்குப் போனதில்லை. ஒரு கையில் ஆல்ட்டோ சாக்ஸபோன் இருக்கும். மறு கைப் பெட்டியில் கிளாரினெட்டும் புல்லாங்குழலும். ஆள் கெட்டிக்காரராக இருந்தால் காரின் டிக்கியில் பிக்கோலோ, ஆல்ட்டோ புல்லாங்குழல் என்று இன்னும் இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலை, காலடியில் சின்னச் சின்ன ஸ்டாண்டுகளை நிறுத்தி அவற்றில் ஒவ்வொன்றாகச் செருகி வைப்பது. நோட்ஸ் தாளில் சாக்ஸபோன் வரி முடிந்ததும் நாலு பார் சும்மா இருக்கச் சொல்லியிருக்கும். அதன் பிறகு குழல்.

அந்த நாலு பாருக்குள் செய்ய வேண்டியது நிறைய. சாக்ஸபோனைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டபடியே குழலை எடுக்க வேண்டும். ஏசி அறையில் அத்தனை நேரம் சும்மா கிடந்த உலோகம் சில்லிட்டிருக்கும். சில்லிட்டால் சுருதி இறங்கும். எனவே துளையை வாயால் மூடி, சத்தமே வராமல் உள்ளே வெதுவெதுப்பான மூச்சை விட்டுச் சூடேற்ற வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை உதடு. சாக்ஸபோனுக்குக் கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து ரீடை அழுத்திப் பிடிக்க வேண்டும். குழலில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. உதட்டைத் தளர்த்தி, காலி பாட்டிலின் வாயில் ஊதுகிற மாதிரி, துளையின் விளிம்பில் காற்றைச் சரியான கோணத்தில் பாய்ச்ச வேண்டும். இரண்டு மணி நேரம் ரீடைக் கவ்விய உதடு இதற்கு லேசில் இணங்காது. ஒரே ஆள் இரண்டு வாத்தியம் எடுத்தால் கூடுதல் கூலி என்று இசைக்கலைஞர் சங்கம் விதி வைத்திருந்தது சும்மா அல்ல. அதற்குப் பெயர் 'டபிளிங்'.

அமெரிக்க ஜாஸில் புல்லாங்குழலுக்கு நெடுங்காலம் இருந்த அந்தஸ்து இவ்வளவுதான்: கூடுதல் கூலி தரும் இரண்டாவது வாத்தியம். அந்த இரண்டாம் பெட்டியிலிருந்து அது எங்கெங்கே போனது என்பதை ஒருவர் பின்னாலேயே நடந்து பார்த்துவிடலாம். அவர் பட் ஷாங்க். குழல் அவருக்குச் சோறு போட்டது, அவரை உலகத்தின் காதுக்குள் கொண்டு போனது, கடைசியில் அவராலேயே கைவிடப்பட்டது.

அதற்கு முன் அந்தக் குழல் பிறந்த கதை கொஞ்சம். இன்று மேற்கத்திய இசைக்காரர்கள் கையிலிருக்கும் சாவிகள் வைத்த உலோகக் குழல், மியூனிக் நகரத்துத் தியோபால்ட் போம் செய்தது. பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. அரசவை இசைக்குழுவில் குழல் வாசித்தவர். 1831இல் லண்டனுக்குப் போனபோது சார்லஸ் நிக்கல்சன் என்பவர் பெரிய துளைகள் கொண்ட குழலில் அறையையே நிரப்பும் நாதம் எழுப்பியதைக் கேட்டு, தன் குழலையே அடியோடு மாற்றுவது என்று இறங்கிவிட்டார். விரல் எட்டுகிற இடத்தில் துளை போடுவதை விட்டுவிட்டு, ஒலியியல்படி துளை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போட்டார். விரலுக்கு எட்டாததைச் சாவிகளும் கம்பிகளும் பார்த்துக்கொண்டன. 1847இல் உருளை வடிவ உலோகக் குழல் வந்தது. அதற்கு முன்பே அவருடைய சாவி ஏற்பாட்டின் தர்க்கம் மற்ற வாத்தியங்களுக்கும் பரவத் தொடங்கியிருந்தது. அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோனின் விரல் வைப்பும் போம் குழலின் விரல் வைப்பும் அடிப்படையில் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. பிற்காலத்து அமெரிக்க சாக்ஸபோன்காரர் குழலைக் கையிலெடுத்தால் விரல்களுக்குப் பாதிப் பாடம் தெரிந்திருக்கும். உதடு மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

போம் வயதான காலத்தில் சாதாரணக் குழலைவிட ஆல்ட்டோ குழல் மீதுதான் அதிகப் பிரியம் வைத்திருந்தார். அது கொஞ்சம் நீளம், கொஞ்சம் தடிமன், நான்கு ஸ்வரம் கீழே பேசுவது. மூச்சு அதிகம் கேட்கும். சத்தம் குறைவாகத் தரும். பெரிய இசைக்குழுவில் அதன் கீழ் ஸ்வரங்கள் எடுபடாது என்பதால் நூறு வருஷம் அது பெரும்பாலும் ஓரத்திலேயே கிடந்தது. இந்த ஆல்ட்டோ குழலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஜாஸ் தெருவிலும் நடன அரங்கிலும் வளர்ந்த இசை. கார்னெட், டிராம்போன், முரசு இவற்றுக்கு நடுவே குழல் என்று ஒன்று இருந்தால் வாசிப்பவருக்கே கேட்காது. கியூபாவில் நிலைமை வேறு. அங்கே சரங்கா குழுக்களில் குழல்தான் தலைமை வாத்தியம். எனவே ஜாஸ் தட்டில் குழல் வாசித்த முதல் ஆட்களில் ஒருவரான அல்பெர்டோ சொகர்ராஸ் கியூபாக்காரராக இருந்ததில் வியப்பில்லை. 1920களின் இறுதியில் நியூயார்க்கில் கிளாரன்ஸ் வில்லியம்ஸோடு பதிவு செய்தார். 1937இல் சிக் வெப் குழுவில் வேமன் கார்வர் குழல் தனி ஆவர்த்தனம் வாசித்தார். அப்புறம் பல வருஷம் பெரிதாக ஒன்றுமில்லை. குழலைக் காப்பாற்றியது மைக். வாய்க்கு அருகே மைக் வந்ததும் கிசுகிசுப்பும் டிரம்பட்டும் சமமாகிவிட்டன. 1953இல் கவுன்ட் பேஸி குழுவில் சேர்ந்த ஃபிராங்க் வெஸ், அத்தனை பித்தளை வாத்தியங்களுக்கு முன்னால் நின்று குழல் வாசித்துக் காட்டினார்.

மேற்குக் கரையில் வழி திறந்தவர் பட்டி காலெட். லாஸ் ஏஞ்சலஸில் அப்போது இசைக்கலைஞர் சங்கமே இரண்டாக இருந்தது: வெள்ளையருக்கு 47ஆம் கிளை, கறுப்பருக்கு 767ஆம் கிளை. சினிமா, வானொலி, தொலைக்காட்சி வேலையெல்லாம் 47 வழியாகப் போய்விடும். காலெட் சாக்ஸபோன், கிளாரினெட், குழல் மூன்றையும் முறையாகப் படித்தவர். எந்தத் தாளை வைத்தாலும் வாசிப்பார். 'வாசிக்கத் தெரியாது' என்ற சாக்கை அவரிடம் சொல்ல முடியவில்லை. நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்ஸின் நிகழ்ச்சிக்கான இசைக்குழுவில் ஜெர்ரி ஃபீல்டிங் அவரை எடுத்துக்கொண்டார். நிறத் தடுப்பு அங்கே உடைந்தது. 1953இல் இரண்டு கிளைகளும் ஒன்றானதற்குப் பின்னால் உழைத்தவர்களில் காலெட் முக்கியமானவர். அந்தப் போராட்டத்தில் குழலுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஒரே நாற்காலியில் மூன்று பேர் வேலையைச் செய்கிறவனைத் திருப்பி அனுப்ப முதலாளிக்கும் மனசு வராது. 1955இல் சிக்கோ ஹாமில்டனின் ஐவர் குழுவில் செல்லோவுக்குப் பக்கத்தில் நின்று காலெட் வாசித்த குழலைக் கேட்டவர்கள், இது ஜாஸா, அறை இசையா என்று குழம்பினார்கள். தட்டுகள் நன்றாக விற்றன.

இனி ஷாங்க். முழுப் பெயர் கிளிஃபர்ட் எவரெட் ஷாங்க். 1926இல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்தவர். சிறுவயதில் கிளாரினெட், பிறகு சாக்ஸபோன், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் படிப்பு. 1940களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து சார்லி பார்னெட் குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசித்தார். இடையில் குழல் பயின்றார். அன்றைக்கு அந்த ஊரில் அதை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த இளம் ஜாஸ்காரர்கள் மிகச் சிலர்.

1950இல் ஸ்டான் கென்டன், தந்தி வாத்தியங்கள் உட்பட நாற்பது பேர் அளவில் ஒரு மாபெரும் குழுவைக் கூட்டினார். ஆட வருகிறவர்களுக்கு அங்கே இடமில்லை. உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை. சாக்ஸபோன் வரிசையில் இருப்பவர்கள் மற்ற குழல் வாத்தியங்களையும் வாசித்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஆல்ட்டோவில் தனி வாசிப்புக்கு ஆர்ட் பெப்பர் இருந்தார், அவரோடு யாரும் போட்டி போட முடியாது. ஷாங்குக்கு வரிசையை நடத்தும் முதல் ஆல்ட்டோ நாற்காலி கிடைத்தது. அது கிடைக்க அவர் கையிலிருந்த குழல் பெரிய காரணம். கென்டனின் பேய்க் கூச்சலுக்கு நடுவே (கூச்சல் என்று மதிப்போடுதான் சொல்கிறேன்) குழல் தனியாக எழும் இடங்கள் ஷாங்கினுடையவை. மற்றவர்கள் அப்போது நிறுத்திக்கொண்டாக வேண்டும்.

கென்டனை விட்டு வந்தவர்கள் பலர் ஹெர்மோசா கடற்கரையில் கூடினார்கள். லைட்ஹவுஸ் என்ற சின்ன மதுக்கடை. கடலிலிருந்து நாலு எட்டு. ஹோவர்ட் ரம்சி 1949 முதல் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாஸ் நடத்தினார், மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி அதிகாலை இரண்டு மணிவரை. நீச்சலுடையோடு மணல் ஒட்டிய காலோடு வந்து நின்று கேட்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் வாசிப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க வாத்தியத்தை மாற்றிப் பார்ப்பது இயல்புதானே. அங்கேதான் ஷாங்கின் குழலும் பாப் கூப்பரின் ஓபோவும் ஜோடி சேர்ந்தன. 1954இல் அந்த ஜோடிக்கென்றே லைட்ஹவுஸ் குழு ஒரு தட்டு பதிந்தது. கிழக்குக் கரையிலிருந்த விமர்சகர்கள் பலருக்கு இந்த மேற்குக் கரை இசை என்றாலே சக்கரைத் தண்ணீர் என்ற எண்ணம். குழலும் ஓபோவும் அவர்களுக்குக் கூடுதல் ஆதாரம் தந்தன. அந்தக் கேலி ஷாங்கைக் கடைசிவரை உறுத்தியிருக்கிறது என்றே நினைக்கிறேன். பின்னால் அவர் எடுத்த முடிவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

குழலின் பயணத்தில் அடுத்த திருப்பம் ரிச்சர்ட் பாக் என்ற தயாரிப்பாளரால் வந்தது. ஜெர்ரி மல்லிகன், சேட் பேக்கர் இருவரின் நால்வர் குழுவைப் பதிவதற்காக 1952இல் பசிஃபிக் ஜாஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். சில வருஷங்களில் அவருக்குக் கீழைத்தேய இசையில் பித்துப் பிடித்தது. நிறுவனத்தின் பெயர் வேர்ல்ட் பசிஃபிக் ஆனது. அவரிடம் ஜாஸ் கலைஞர்களும் இருந்தார்கள், இந்திய ஜப்பானியக் கலைஞர்களும் வந்து போனார்கள். இரண்டு பக்கமும் பேச வைக்க ஒரு வாத்தியம் வேண்டியிருந்தது. சாக்ஸபோன் அந்த வேலைக்கு உதவாது, அதன் குரலிலேயே ஊர் தெரிந்துவிடும். குழல் எந்த ஊரிலும் உண்டு. ஜப்பானியத் தந்தி வாத்தியமான கோட்டோவை வாசித்த கிமியோ எட்டோ, மியாகி மிச்சியோவின் இசையைப் பதிந்தபோது கோட்டோவுக்கு எதிரே உட்கார்ந்து குழல் வாசித்தவர் ஷாங்க்.

பிறகு ரவிசங்கர். 1961இல் ஹாலிவுட்டில் இருந்த வேர்ல்ட் பசிஃபிக் ஸ்டுடியோவில் பதிவாகி 1962இல் வெளிவந்த 'இம்ப்ரொவைசேஷன்ஸ்' தட்டின் முதல் உருப்படி, சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு அவர் அமைத்த இசையை வைத்துச் செய்த கற்பனை. படத்தில் அந்த மெட்டைத் தூக்கிச் சென்றது மூங்கில் குழல். வங்காளத்துக் கிராமத்து வீட்டுக் கதைக்கு ஏற்ற மூங்கில் குரலை ஹாலிவுட்டில் வெள்ளிக் குழலில் வாசிக்க வேண்டும். ஷாங்கோடு டென்னிஸ் புடிமிர் கிதார், கேரி பீகாக் பாஸ், லூயி ஹேஸ் டிரம்ஸ். இந்தப் பக்கம் ரவிசங்கரின் சித்தார், கனாய் தத்தாவின் தபலா, நோடு மல்லிக்கின் தம்பூரா.

மூங்கில் குழலில் விரலின் சதையே துளையை மூடுகிறது. விரலைச் சற்று நகர்த்தினால், பாதி திறந்தால், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள வழி முழுதும் கேட்கும். கமகம் அங்கே பிறக்கிறது. போம் குழலில் விரல் சாவியை அழுத்துகிறது. சாவி திறக்கும் அல்லது மூடும். இடைப்பட்ட வழியைக் காட்ட உதட்டையும் குழலின் சாய்வையும்தான் நம்ப வேண்டும். இதை ஷாங்க் அறிந்திருந்தார் என்பது தட்டைக் கேட்டால் புரிகிறது. இந்தியக் குழல்காரரைப் போல வாசித்துக் காட்ட அவர் முண்டவில்லை. மெட்டை நேராக, அதிகம் நடுக்கமில்லாமல் வாசித்துவிட்டு ஒதுங்கி, தன் பேச்சைத் தன் வழக்கில் பேசுகிறார். பின்னால் வந்த எத்தனையோ 'கிழக்கு-மேற்கு' கலப்படங்களைவிட இந்த ஒதுக்கம் எனக்கு மேலாகப் படுகிறது. அதே தட்டில் 'ஃபயர் நைட்' என்று ஒரு உருப்படி. அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் மலைச்சரிவுகளில் பற்றி எரிந்த தீயைப் பார்த்து ரவிசங்கர் அமைத்தது. 

இன்னொன்று. அந்த ஸ்டுடியோவில்தான் 1964இல் 'பேர்ட்ஸ்' ராக் குழுப் பையன்கள் ஒத்திகை பார்த்தார்கள். பாக் வழியாக அவர்களில் ஒருவரான டேவிட் கிராஸ்பி காதுக்கு ரவிசங்கர் போனார். கிராஸ்பி வாய் வழியாக பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு. அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை.

இதற்கிடையே ஷாங்கின் அன்றாடம் என்ன? கால்ஷீட்தான். மூன்று மணி நேரம் ஒரு கணக்கு. காலையில் விளம்பர இசை, மதியம் சினிமாப் பின்னணி, இரவில் யாரோ ஒரு பாடகிக்கு நாலு பாட்டு. புரூஸ் பிரவுன் எடுத்த அலைச்சறுக்குப் படங்களுக்கு இசையமைத்தார். கடற்கரைப் பையன்கள் அந்தப் படங்களைப் பள்ளிக்கூட அரங்குகளில் பார்த்தார்கள். 1960களில் ஜாஸ் கடைகள் ஒவ்வொன்றாக மூட, ராக் இசை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக, நியூயார்க்கில் பலர் டாக்சி ஓட்டினார்கள் அல்லது ஐரோப்பாவுக்குப் போனார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஷாங்குக்கு வீடு, கார், வேலை எல்லாம் இருந்தன. குழல் தெரிந்ததன் விலை அது.

1965. ஹாலிவுட்டில் வெஸ்டர்ன் ரெக்கார்டர்ஸ் ஸ்டுடியோ. லூ ஆட்லர் தயாரிப்பில் பாடகர் பாரி மெக்வயருக்காக ஒரு பாட்டு பதிவாகியிருந்தது: 'கலிஃபோர்னியா ட்ரீமின்'. ஜான் ஃபிலிப்ஸும் மிஷெல் ஃபிலிப்ஸும் 1963இல் நியூயார்க் குளிரில் எழுதியது. ஹால் பிளெய்ன் டிரம்ஸ், ஜோ ஆஸ்போர்ன் பாஸ், லேரி நெக்டல் கீபோர்டு; பின்பாட்டு பாடியவர்கள், ஃபிலிப்ஸ் இருவரும் இருந்த 'மாமாஸ் அண்ட் பாப்பாஸ்' என்ற புதுக் குழுவினர். கேட்டுப் பார்த்தபோது, இது பின்பாட்டுக்காரர்களின் பாட்டாகவே இருக்கட்டும் என்று முடிவானது. அதே இசைப் பதிவின் மேல் மெக்வயரின் குரலை அழித்து அந்தக் குழுவின் டென்னி டோஹர்ட்டியின் குரலைப் பதித்தார்கள். அழித்தது முழுதாக அழியவில்லை. ஸ்டீரியோவில் தொடக்கத்தில் ஒரு பக்கம் காதை வைத்துக் கேட்டால் மெக்வயர் இன்னும் மெல்ல முனகுவார்.

நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. மெக்வயரின் பதிப்பில் அங்கே மவுத் ஆர்கன் இருந்தது. வேறு ஏதாவது வேண்டும். கதை இப்படிப் போகிறது: வராந்தாவில் வேறு வேலைக்காக வந்திருந்த ஷாங்கை ஜான் ஃபிலிப்ஸ் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். ஷாங்க் அந்தப் பகுதியை ஒரு முறை ஓட்டிக் கேட்டார். ஆல்ட்டோ குழலை எடுத்தார். ஒரே முறை வாசித்தார். முடிந்தது.

இம்மாதிரி 'ஒரே டேக்' கதைகளை நான் பாதிதான் நம்புவேன். இசைக்காரர்களுக்குப் பிடித்த கதை அது. ஆனால் இந்த ஆள் விஷயத்தில் நம்பாமல் இருக்கவும் காரணமில்லை. பதினைந்து வருஷமாக, முன்பின் பார்த்திராத தாளை வைத்ததும் வாசிப்பதே அவர் தொழில். பாட்டு சி ஷார்ப் மைனரில் இருக்கிறது. சாதாரணக் குழலில் நாலு ஷார்ப். ஆல்ட்டோ குழல் நான்கு ஸ்வரம் கீழே பேசுவதால் விரலுக்கு அது எஃப் ஷார்ப் மைனர், மூன்று ஷார்ப்தான். கொஞ்சம் சௌகரியம். ஆனால் குழலைத் தேர்ந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் குரலாகத்தான் இருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து உச்சத்தில் பாடி நிறுத்திய இடத்தில் கீச்சென்று இன்னொரு உச்சக் குரல் வந்தால் எடுபடாது. போம் கிழவர் பிரியம் வைத்த அந்தத் தடித்த, மூச்சுக் காற்று கலந்த குரல், மைக்குக்குப் பக்கத்தில் வந்ததும், குளிர்காலத் தெருவில் வாய் ஆவி விடுவதைக் கேட்கவே முடிகிறது. சுமார் அரை நிமிடம். மெட்டைத் திருப்பிச் சொல்லவில்லை. ஜாஸ்காரர் ஜாஸ் பாஷையிலேயே பேசுகிறார், ஆனால் வானொலியில் பாட்டுக் கேட்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது அன்னியமாகத் தெரியவில்லை.

1965 டிசம்பரில் தட்டு வந்தது. பில்போர்ட் பட்டியலில் நாலாம் இடம்வரை ஏறியது. எழுதியவர்களுக்கு உரிமைத்தொகை வந்துகொண்டே இருக்கும். குழல் வாசித்தவருக்கு அந்தக் கால்ஷீட்டுக்கான கூலி. அநியாயம் என்று சொல்லத் தோன்றும். அன்றைய ஸ்டுடியோக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு உட்காரவில்லை, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடுத்த வேலை இருந்தது. ஷாங்க் ஒன்று செய்தார்: 1966இல் தன் பெயரில் அதே தலைப்பில் ஒரு முழுத் தட்டு போட்டார், சேட் பேக்கரையும் கூட்டிக்கொண்டு. 'மிஷெல்' என்று பீட்டில்ஸ் பாட்டின் பெயரில் இன்னொன்று. நாலு காசு பார்க்கப் போட்ட தட்டுகள் அவை, கேட்கும்போதும் அப்படியே இருக்கின்றன. பெயர் தெரியாத அந்த அரை நிமிடத்தின் பக்கத்தில் பெயர் போட்ட இந்த இரண்டு தட்டும் நிற்கவில்லை.

அதன் பிறகு அந்த அரை நிமிடம் தன் போக்கில் திரிந்தது. 1994இல் வோங் கார்-வாய் எடுத்த 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' படத்தில், ஹாங்காங்கின் ஒரு சிற்றுண்டிக் கடையில் வேலை பார்க்கும் பெண் இந்தப் பாட்டையே திரும்பத் திரும்ப, பேச்சுக் கேட்காத அளவுக்குச் சத்தமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். டேட்டன்காரரின் குழல் ஹாங்காங் நெரிசலுக்கு மேலே மிதக்கிறது. 1960களில் பிறந்தே இராத தலைமுறை ஒன்றுக்கு அந்தக் குழல் ஹாங்காங்கின் குரலாகவே பதிந்துபோனது.

ஸ்டுடியோ குழல்காரர்களில் வேறு வழியில் போனவர்களும் உண்டு. காலெட்டுக்குப் பின் ஹாமில்டன் குழுவில் வாசித்த பால் ஹார்ன், மகரிஷி மகேஷ் யோகியைத் தேடி இந்தியா வந்தார். 1968இல் தாஜ்மகாலுக்குள் தனியாக நின்று, குவிமாடம் திருப்பித் தரும் எதிரொலியோடு வாசித்துப் பதிந்த தட்டு லட்சக்கணக்கானோர் வீட்டுக்குப் போனது. அவருக்குப் பின் அதே ஹாமில்டன் நாற்காலிக்கு வந்தவர் எரிக் டால்ஃபி, காலெட்டிடம் பயின்றவர். 1958 நியூபோர்ட் விழாவில் எடுத்த 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' படத்தில் அவர் குழல் வாசிப்பதைப் பார்க்கலாம். டால்ஃபி ஸ்டுடியோ வேலைக்கு அடங்காதவர். பறவைகளோடு சேர்ந்து பயிற்சி செய்தவர். 1964 ஜூனில் பெர்லினில், கவனிக்கப்படாத சர்க்கரை நோயால், 36 வயதில் இறந்தார். அவருடைய குழலையும் பாஸ் கிளாரினெட்டையும் அவர் தாயார் ஜான் கோல்ட்ரேனிடம் கொடுத்தார். கோல்ட்ரேன் குழல்காரர் இல்லை. ஆனாலும் 1967இல் தன் கடைசிப் பதிவுகளில் ஒன்றான 'டு பி'யில் குழல் வாசித்தார். அதே ஆண்டு ஜூலையில் அவரும் போய்விட்டார். இரண்டாம் பெட்டியில் வந்த வாத்தியம் இப்படியும் கை மாறியது.

1974இல் ஷாங்க், பழைய நண்பர் லாரிண்டோ அல்மெய்டாவோடு 'எல்.ஏ. ஃபோர்' குழுவைத் தொடங்கினார். 1953இலேயே இருவரும் பிரேசில் தாளத்தில் ஜாஸ் பதிந்தவர்கள், போசா நோவா என்ற பெயர் வருவதற்குப் பல வருஷம் முன். ரே பிரவுன் பாஸ், ஷெல்லி மேன் டிரம்ஸ். அல்மெய்டாவின் நைலான் நரம்பு கிதாருக்கு ஆல்ட்டோ சாக்ஸபோன் கொஞ்சம் முரட்டுத்துணை, குழலே பொருந்தியது. ஊர் ஊராகப் போனார்கள், மக்கள் விரும்பிக் கேட்டார்கள். ஸ்டுடியோ வேலையோ குறைந்துகொண்டே வந்தது. சின்தசைசர் வந்ததும் முதலில் வீட்டுக்குப் போனவர்கள் இரண்டாவது வாத்தியக்காரர்கள்தான்.

1980களின் நடுவில் ஷாங்க் குழலை நிறுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவில்லை; ஒரேயடியாக. இனி ஆல்ட்டோ சாக்ஸபோன் மட்டும். அறுபதை நெருங்கும் வயதில், கூலி தந்த வாத்தியத்தையும் தன்னை உலகம் அடையாளம் கண்ட வாத்தியத்தையும் ஒன்றாக ஒதுக்கினார். தொடக்கத்தில் சொன்ன உதட்டுத் தகராறு ஒரு காரணம் என்பது எந்த டபிளிங்காரருக்கும் புரியும்: ஒன்றுக்குப் பழக்கினால் இன்னொன்று கெடும். மேற்குக் கரைச் சக்கரைத் தண்ணீர் என்ற பழைய ஏச்சும் அதில் இருந்திருக்கும். வாஷிங்டன் மாநிலத்துப் போர்ட் டவுன்சென்டில் குடியேறி, பல ஆண்டுகள் அங்கே ஜாஸ் பயிலரங்கை நடத்தினார். பிறகு அரிசோனாவில் டூசான்.

ஒரு ரசிகனாக அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவரைவிட நன்றாக ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தவர்கள் பத்துப் பேரைச் சொல்லலாம். அவர் மாதிரி ஆல்ட்டோ குழலை மைக்கிடம் பேச வைத்தவர்கள் மூன்று பேர் தேறினால் பெரிது. ஆனால் 1990களின் தட்டுகளைப் போட்டுக் கேட்டால் கோபம் தணிந்துவிடுகிறது. 1950களில் வழுக்கிக்கொண்டு போன அந்த ஆல்ட்டோவின் குரல் இப்போது கரகரக்கிறது, கத்துகிறது, சில இடங்களில் உடைகிறது. தாளில் எழுதியதை எழுதியபடி ஒரே முறையில் வாசிக்கும் ஆள் அங்கே இல்லை. 2009 ஏப்ரலில், சான் டியாகோவில் புதுத் தட்டுக்காக ஆல்ட்டோ வாசித்துவிட்டு டூசான் திரும்பிய கையோடு, 82 வயதில் காலமானார். மறுநாள் வந்த இரங்கல் செய்திகள் பலவற்றில் முதலில் பேசப்பட்டது 'கலிஃபோர்னியா ட்ரீமின்' குழல்தான்.